கைத்தொண்டும் மேட்டுப்பாத்தியும்

நாற்றங்காலுக்கு ஒரு சாண் உயரத்தில் மண்ணை அணைத்து மேட்டுப்பாத்தி போடுவது தமிழ்நாட்டு விவசாயிகளுக்குப் பழகிய வேலை. மழைநீர் தேங்கி மிளகாய், தக்காளி நாற்றுகள் அழுகாமல் இருக்க அந்த உயரம் போதும். அதே பாத்தியைச் செங்கல்லாலோ கிணற்றுக்கு இறக்கும் சிமென்ட் உறையாலோ தொடையளவு, இடுப்பளவு எழுப்பினால் அதன் நோக்கம் மாறிவிடுகிறது. குனிய முடியாத, குத்துக்காலிட்டு உட்கார முடியாத மனிதருக்காக மண் அங்கே உயர்கிறது. சக்கர நாற்காலியில் இருப்பவர், இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பியவர், பக்கவாதத்துக்குப் பின் ஒரு கை மட்டுமே சொன்னபடி கேட்பவர், முழங்கால் தேய்ந்த முதியவர் என்று பலரும் மண்ணில் கைவைக்க அது வழிசெய்கிறது.

இப்படி ஒரு பாத்தியைக் கட்டுவதில் அளவு, எடை, வடிகால் பற்றிய கேள்விகள் உண்டு. அவற்றுக்கு விடை காண்பது கடினமில்லை. அவற்றுக்கு முன்பே தீர்க்க வேண்டிய ஒரு சமயக் கேள்வி இருக்கிறது. உடல் இடம்கொடுக்காதவரை வேலையிலிருந்து விடுவித்து, உட்காரவைத்துச் சோறிடுவது அறமா? அவரும் வேலை செய்யும்படி இடத்தை மாற்றித் தருவது அறமா? முதலாவதற்குத்தான் கருணை என்ற பெயர் எளிதில் கிடைக்கிறது. “உங்களுக்கு எதுக்குப்பா இந்தச் சிரமம், நாங்க பாத்துக்குறோம்” என்று பெரியவரின் கையிலிருந்து களைக்கொத்தை வாங்கிவைக்கிற பிள்ளைகள் அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அன்றுமுதல் அவர் பெற்றுக்கொள்பவராக மட்டும் ஆகிவிடுகிறார். அவர் பறித்துக் கொடுத்த கீரை அடுப்புக்குப் போவதும், அவர் தொடுத்த பூ சாமி படத்துக்குப் போவதும் நின்றுவிடுகின்றன. அந்த இழப்பு எவ்வளவு பெரியது என்பதைச் சமய மரபுகளைக் கொண்டு பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

தமிழ்ப் பக்தி மரபு உடலால் செய்யும் தொண்டை வழிபாட்டின் ஓரத்தில் வைக்கவில்லை, நடுவிலேயே வைத்தது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த திருநாவுக்கரசரின் திருவுருவத்தைச் சிவன் கோயில்களில் அடையாளம் காட்டுவது அவர் தோளில் சாய்ந்திருக்கும் உழவாரப்படை. கோயில் பிராகாரங்களில் முளைத்த புல்லையும் முள்ளையும் அதைக்கொண்டு செதுக்கினார். தேவாரப் பதிகங்கள் பாடிய பெரும்புலவர் பாட்டே போதும் என்று அந்தக் கருவியைக் கீழே வைத்துவிடவில்லை. அவர் எண்பத்தொரு வயது வாழ்ந்தார் என்பது மரபு. முதுமையில் திருப்புகலூரில் தங்கியிருந்தபோதும் உழவாரப்பணி தொடர்ந்தது என்றே பெரியபுராணம் சொல்கிறது. அதே திருப்புகலூரில் முருக நாயனார் பூக்கொய்து மாலை தொடுப்பதையே தம் தவமாகக் கொண்டிருந்தார். வைணவத்திலும் இதே நிலைதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும் திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரும் நந்தவனம் வைத்துத் திருமாலுக்குப் பூமாலை சாத்தியவர்கள். இராமானுசரின் சீடர் அனந்தாழ்வான் திருமலைக்குப் போனதே அங்கு நந்தவனம் அமைக்கத்தான்.

இந்த மரபில் தோட்ட வேலை பொழுதுபோக்காகக் கருதப்படவில்லை. மண்வெட்டி பிடிப்பது கும்பிடுவதற்கு நிகரான செயல். அப்படியானால் முழங்கால் மடங்காத ஒருவரை நந்தவனத்திலிருந்து விலக்கிவைப்பது, எவ்வளவு இதமாகச் செய்தாலும், ஒரு வழிபாட்டு வாசலை அவருக்கு அடைப்பதுதான். மேட்டுப்பாத்தியை முதியோருக்கான ஒரு வசதி என்ற அளவில் மட்டும் பேசினால் இந்தக் கனம் கண்ணில் படாது.

உடற்குறை உள்ளவர் கைத்தொண்டு செய்த வரலாறு ஒன்றைப் பெரியபுராணமே விரிவாகச் சொல்கிறது. திருவாரூரில் பிறவியிலேயே பார்வையில்லாதவர் தண்டியடிகள். கோயிலுக்கு மேற்கே இருந்த குளம் சுற்றிலும் இருந்த கட்டடங்களால் சுருங்கிக்கொண்டே வந்தது. அதை ஆழப்படுத்தி அகலப்படுத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. குளத்துக்குள் ஒரு தறி நட்டார்; கரையில் இன்னொரு தறி நட்டார்; இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டே உள்ளே இறங்குவார். மண்ணை வெட்டிக் கூடையில் அள்ளுவார். மறுபடி கயிற்றைத் தடவிக்கொண்டே கரையேறிக் கொட்டுவார். பிறகு அதே கயிற்றைப் பிடித்துத் திரும்புவார்.

அந்த இரண்டு தறிகளும் ஒரு கயிறும் உற்றுப் பார்க்கத் தக்கவை. பார்வையில்லாதவர் குளம் வெட்டலாமா என்ற கேள்வியை அவை எழுப்புவதே இல்லை. அவர் கை எதைப் பற்றிக்கொண்டு போகும் என்ற கேள்விக்கு மட்டும் விடை சொல்கின்றன. யாரையும் கூப்பிட்டுக் கைபிடித்து நடத்தச் சொல்லாமல், வேலை நடக்கும் இடத்தையே தம் உடலுக்கு ஏற்றபடி ஒழுங்குசெய்துகொண்டார். கதையின் வில்லங்கமும் அதை ஒட்டியே வருகிறது. மண்ணை வெட்டினால் சிற்றுயிர்கள் மாளும் என்று சமணர்கள் தடுத்தார்கள். வாக்குவாதம் முற்றியபோது அவருடைய மண்வெட்டியைப் பறித்து, தறியையும் கயிற்றையும் பிடுங்கிவிட்டார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய இந்தப் பகுதியில் சமயப் பூசலின் சூடு இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மண்ணில் உள்ள உயிர்களைப் பற்றிச் சமணம் எழுப்பிய கவலை அதனளவில் ஆழமானது. எதிராளியின் வாயில் வைத்துச் சொல்லப்பட்டதால் அதன் மதிப்பு குறையாது. இருந்தும் ஒரு விஷயத்தில் சேக்கிழாரின் கூர்மை வியக்கத்தக்கது. பார்வையில்லாதவரை வேலையிலிருந்து நிறுத்த அவரை அடிக்கவோ கட்டிப்போடவோ தேவையில்லை, கயிற்றைப் பிடுங்கினால் போதும் என்று அந்தக் காட்சி காட்டுகிறது.

கதையின் முடிவில் தண்டியடிகள் குளத்தில் மூழ்கி எழும்போது கண் பெறுகிறார். கேட்பவர்கள் கொண்டாடுவது இந்த அற்புதத்தைத்தான். ஆனால் தொண்டு முழுவதும் அதற்கு முன்பே, கண் இல்லாத நாட்களிலேயே நடந்துவிட்டது. திருத்தொண்டத்தொகையில் சுந்தரர் அவரையும் அடியார்களுள் ஒருவராகப் போற்றுகிறார். பார்வை வந்த பிறகு அவர் உயர்ந்த தொண்டர் ஆனார் என்று எந்தச் சைவரும் சொல்வதில்லை.

உடல் மாறுவதா, இடம் மாறுவதா என்ற இந்த இரட்டை முடிவு நந்தனார் வரலாற்றில் இன்னும் வெளிப்படையாக நிற்கிறது. திருப்புன்கூரில் அவர் வெளியே நின்று தரிசிக்கும்படி கல் நந்தி விலகிக்கொடுத்தது. தில்லையிலோ அவர் தீயில் இறங்கி வேறு உடலோடு எழுந்தால்தான் உள்ளே போக முடிந்தது. முதல் ஊரில் கல் நகர்ந்தது, இரண்டாவது ஊரில் மனிதர் எரிய வேண்டியிருந்தது. நந்தனாரைத் தடுத்தது சாதி. அது மனிதர் ஏற்படுத்திய கொடுமை. முழங்கால் தேய்வதைப் போன்ற இயற்கை அன்று. இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. ஆனால் திருப்புன்கூர் ஓர் எச்சரிக்கையையும் வைத்திருக்கிறது: அங்கே நந்தி விலகியது, மதில் விலகவில்லை. இடத்தைப் பாதியளவு மாற்றிவிட்டு, மீதி விலக்கை அப்படியே வைத்துக்கொள்வது எக்காலத்திலும் நடக்கக்கூடியதே. வாசலில் சாய்தளம் போட்டுவிட்டு உள்ளே எல்லாப் பாத்திகளையும் தரையோடு வைத்திருக்கும் பூங்கா அதைத்தான் செய்கிறது. சக்கர நாற்காலியில் வருபவர் அங்கே பார்க்கலாம், தொட முடியாது. நகரங்களில் பரவிய மாடித்தோட்டத்துக்கும் இந்தக் குறை உண்டு. வீட்டிலேயே அதிக நேரம் இருப்பவரும், செடி வளர்க்க ஆசையும் பொறுமையும் உள்ளவரும் பெரும்பாலும் வீட்டின் மூத்தவர். அவரால் ஏற முடியாத படிகளுக்கு மேலே தோட்டம் இருக்கிறது.

சமயங்கள் எப்போதும் இடத்தை மாற்றும் பக்கமே நின்றன என்று சொன்னால் அது உண்மையாகாது. விவிலியத்தில் லேவியராகமத்தின் 21-ஆம் அதிகாரம் குருடர், சப்பாணி, கையோ காலோ ஒடிந்தவர், கூனர் முதலானோர் ஆரோன் வழி ஆசாரியரானாலும் பலிபீடத்தை அணுகக் கூடாது என்கிறது. கூடவே, பலிபீடத்தின் பரிசுத்த உணவை அவர்கள் உண்ணலாம் என்றும் சொல்கிறது. அவர்கள் பசியில் விடப்படவில்லை. குலத்திலிருந்து நீக்கப்படவும் இல்லை. உண்ணலாம், பணி செய்யக் கூடாது என்பதே விதி. களைக்கொத்தை வாங்கிவைக்கிற அன்பான பிள்ளையின் மனநிலை சட்ட வடிவம் பெற்றால் இப்படித்தான் இருக்கும். நம் கோயில் ஆகமங்கள் பலவும் ஆசாரியருக்கு அங்கக்குறை கூடாது என்று விதிக்கின்றன. தூய்மை பற்றிய பழைய எண்ணங்கள் இவற்றுக்குப் பின்னால் உள்ளன. இந்த விதிகளைப் பூசிமெழுகுவதைவிட, அதே நூல்கள் வேறிடத்தில் சொல்வதை அவற்றுக்கு எதிரே நிறுத்திப் பார்ப்பது நல்லது. லேவியராகமத்தின் 19-ஆம் அதிகாரம் குருடர் முன்னால் தடைக்கல் வைப்பதை விலக்குகிறது. புது வீடு கட்டுபவர் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், யாராவது விழுந்தால் பழி வீட்டின்மேல் வரும் என்கிறது உபாகமம். சுவரின் அமைப்பே கடவுளுக்குப் பதில்சொல்ல வேண்டிய காரியமாகிவிடுகிறது. பாத்தியின் உயரமும் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

இந்தப் பிரச்சினையை மிக நேராகக் கையாண்ட பழைய நூல்களில் ஒன்று, இத்தாலியில் ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் துறவியர்க்கு எழுதிய ஒழுங்குமுறை. கைவேலையைப் பற்றிய அதன் 48-ஆம் அதிகாரம், சோம்பலை ஆன்மாவுக்குப் பகையாகக் காண்கிறது. எல்லோருக்கும் வேலை நேரம் குறிக்கிறது. அதன் முடிவில் நோயுற்றவர்களையும் மெலிந்தவர்களையும் பற்றிப் பேசுகிறது. அவர்களுக்கும் வேலை உண்டு. ஆனால் அது அவர்களை நசுக்குவதாகவோ ஓடிப்போகத் தூண்டுவதாகவோ இருக்கலாகாது. அவர்களுடைய பலவீனத்தை மடத்தின் தலைவர் எண்ணிப்பார்த்து வேலையைத் தர வேண்டும். விலக்கும் இல்லை, வதைப்பும் இல்லை. வேலையின் வடிவத்தை ஆளுக்கு ஏற்ப மாற்றும் பொறுப்பு வலுவுள்ளவர்மேல் விழுகிறது. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் அதே மரபில் வந்த ரைக்கனாவ் மடத்துத் தலைவர் வாலாஃப்ரிட், தம் தோட்டத்தில் மண் கரைந்தோடாமல் பலகை அடைத்துப் பாத்திகளைச் சற்றே உயர்த்தியதை எழுதிவைத்திருக்கிறார். அது மண்ணைக் காக்கச் செய்தது. முதிய துறவிகளுக்காகச் செய்தார் என்பதற்குச் சான்றில்லை. ஆயினும் மடத்து ஒழுங்கும் பலகைப் பாத்தியும் ஒரே இடத்தில் இருந்தன என்பது நினைக்க இனியது.

தமிழ் வீட்டு முற்றத்திலும் உயர்ந்த மண் இருந்தது. துளசிமாடம் என்பது செங்கல்லால் கட்டி மண் நிரப்பி இடுப்புயரத்தில் நிறுத்திய ஒரு பாத்திதான். காலில் மிதிபடாமல் இருக்கவும், சுற்றிவந்து நின்றபடியே நீர்வார்க்கவும் அப்படி அமைந்தது. தெய்வத்துக்காக மண்ணை உயர்த்துவது இயல்பு என்று ஏற்றுக்கொண்ட வீட்டில், பாட்டிக்காக உயர்த்துவது புதுமையாகப் படக் காரணமில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இதே சிந்தனை சமயத்துக்கு வெளியே, மாற்றுத்திறனாளிகளின் சொந்த அரசியலிலிருந்து வலுவாக எழுந்தது. பிரிட்டனில் ஒதுக்கிவைப்பதற்கு எதிரான உடற்குறையுடையோர் ஒன்றியம் 1976-ல் வெளியிட்ட கொள்கை விளக்கம், உடலில் உள்ள குறை வேறு, சமூகம் தன் அமைப்பால் அதன்மேல் சுமத்தும் முடக்கம் வேறு என்று பிரித்துக் காட்டியது. ஐ.நா.வின் 2006-ஆம் ஆண்டு உடன்படிக்கையும், அதைத் தொடர்ந்து இந்தியாவில் 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், நியாயமான அளவுக்கு ஏற்பாடுகளைச் செய்துதருவது ஒருவரின் உரிமை சார்ந்தது என்று வகுத்தன. மேட்டுப்பாத்தி இந்தக் கருத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. முதுகு மாறவில்லை, மண் மாறியது, வேலை நடக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் இடத்தின் தலையில் கட்டிவிடவும் முடியாது. பாத்தி எவ்வளவு சரியான உயரத்தில் இருந்தாலும் மூட்டுவலி வலிக்கத்தான் செய்யும், அரைமணி நேரத்தில் கை சோரும், வெயில் தாங்காது. வலியைச் சமூக அமைப்பின் விளைவு என்று சொல்லி விளக்கிவிட இயலாது. பக்கத்திலேயே நிழலும், சாய்ந்துகொள்ள ஓர் இருக்கையும், எட்டும் தூரத்தில் தண்ணீர்க் குழாயும் வேண்டியிருப்பது அதனால்தான்.

கட்டும் முறைக்கு வந்தால், முதல் வேலை அளவெடுப்பது. பொதுவான அளவுகள் உண்டு. சக்கர நாற்காலியைப் பக்கவாட்டில் நிறுத்தி வேலை செய்பவருக்கு 60 முதல் 75 செ.மீ. உயரம் பொருந்தும். நின்றுகொண்டு, ஆனால் குனியாமல் வேலை செய்பவருக்கு 75 முதல் 90 செ.மீ. வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அணுகக்கூடிய பாத்தி 60 செ.மீ. அகலத்தைத் தாண்டக் கூடாது; இரு பக்கமும் வழி இருந்தால் 120 வரை போகலாம். இவை தொடக்கப் புள்ளிகள் மட்டுமே. வேலை செய்யப்போகிறவரை அவருடைய நாற்காலியிலேயே உட்காரவைத்து, தரையிலிருந்து மடங்கிய முழங்கை எவ்வளவு உயரம், கைக்கொத்தைப் பிடித்தபடி முதுகு நாற்காலியை விட்டு விலகாமல் கை எவ்வளவு தூரம் நீளும், எந்தத் தோள் வலிக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இடக்கை மட்டும் இயங்குபவருக்குப் பூவாளியும் விதைத் தட்டும் இடப்பக்கத்தில் இருக்க வேண்டும். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பாத்தியைக் கட்டிப் பரிசாகக் கொடுப்பவர், தண்டியடிகளின் கயிற்றைத் தமக்குத் தோன்றிய இடத்தில் கட்டுபவராவார். இந்தத் துறையில் வழிகாட்டியான நூல்களில் ஒன்றை 1994-ல் எழுதிய சிகாகோ தாவரவியல் பூங்காவின் ஜீன் ரோதர்ட் தாமே சக்கர நாற்காலியில் இயங்கியவர்; அங்கே 1999-ல் திறந்த, எல்லோரும் வேலை செய்யக்கூடிய தோட்டத்துக்கு அந்த அனுபவம் துணைநின்றது.

நாற்காலியோடு முழங்காலை உள்ளே நுழைத்து நேருக்குநேர் உட்கார்ந்து வேலை செய்யும் மேசைப்பாத்தி இன்னும் வசதியானது போலத் தோன்றும். அதில் ஒரு சிக்கல் உண்டு. முழங்கால் நுழையத் தரையிலிருந்து ஏறத்தாழ 70 செ.மீ. இடைவெளி தேவை. அதற்கு மேல் மண்தட்டு ஆழமாக இருந்தால் விளிம்பு மார்பளவுக்கு ஏறிவிடும். கையை உயர்த்தியே வேலை செய்ய வேண்டிவரும். ஆகவே தட்டில் 15 செ.மீ. அளவுக்குத்தான் மண் இடலாம். சிறுகீரை, வெந்தயக்கீரை, கொத்தமல்லிக்கு அது போதும். கத்தரிக்கும் தக்காளிக்கும் போதாது. அவற்றுக்கு அடிவரை மண் நிறைந்த பாத்தி வேண்டும். இரண்டு வகையும் அருகருகே இருப்பது நல்லது.

ஒரு கன மீட்டர் ஈரமண் ஒன்றரை டன்னுக்கும் மேல் எடை கொள்ளும் என்பதால் பாத்தி தரைத்தளத்தில், இறுகிய மண்மேல் நிற்க வேண்டும். அடியில் உடைகல்லும் தேங்காய் மட்டையும் இட்டு, மேலே செம்மண், மட்கிய தொழுவுரம், தென்னை நார்க்கழிவு கலந்து நிரப்பினால் எடை குறையும், ஈரமும் நிற்கும். சுவரின் அடியில் வடிகால் துளைகள் அவசியம். தமிழ்நாட்டு வெயிலில் செங்கல் சூடேறி மேட்டுப்பாத்தி தரைப்பாத்தியைவிட விரைவாகக் காயும். கோடையில் காலை, மாலை இருவேளையும் நீர் தேவைப்படும் என்பதை முன்பே கணக்கில் கொண்டு சொட்டுநீர்க் குழாய் போட்டுவிட்டால், நீர் தூக்கும் வேலை மற்றவர் தலையில் விழாது.

கோயில் நந்தவனத்தில் இவ்வாறு இரண்டு பாத்திகள் இருந்தால், அரளியும் நந்தியாவட்டையும் தரையில் வளரட்டும். துளசி, மரிக்கொழுந்து, செவ்வந்தி போன்ற குட்டைச் செடிகள் உயரத்துக்கு வரலாம். விடுமுறை நாட்களில் உழவாரப்பணிக்குக் கூட்டமாக வரும் அன்பர்களோடு, இதுவரை மண்டபத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவரும் பூப்பறிக்க வரலாம். ஆகம விதி எதுவும் இதற்குக் குறுக்கே நிற்பதில்லை. நந்தவனம் கருவறை அன்று.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு கடினமான மறுப்பு எஞ்சுகிறது. மனிதரின் மேன்மை தொண்டு செய்வதில்தான் இருக்கிறது என்றால், எந்தப் பாத்தியாலும் பயன்பெற முடியாதவர் என்ன ஆவார்? கழுத்துக்குக் கீழே இயக்கம் அற்றவர், மறதி நோய் முற்றியவர், அறிவு வளர்ச்சி மிகக் குன்றிய குழந்தை ஆகியோரின் மதிப்பு குறைந்துவிடுமா? தொண்டைப் புகழும் எந்தச் சிந்தனையும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகக் கூடாது. அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் ஈவா கிட்டே, கடுமையான அறிவுசார் குறையுள்ள தம் மகளை வளர்த்த அனுபவத்திலிருந்து 1999-ல் எழுதிய நூலில், தனித்து இயங்கும் ஆற்றலை மனித மதிப்பின் அளவுகோலாக்கும் நீதிக் கோட்பாடுகளை எதிர்த்தார். அதே ஆண்டு வெளிவந்த அலஸ்டேர் மக்கின்டயரின் நூல், சார்ந்து வாழ்வது சிலருக்கு நேரும் விபத்தன்று, குழந்தைப் பருவம்முதல் முதுமைவரை எல்லோருக்கும் பொதுவான மனித நிலை என்று வாதிட்டது. இவர்கள் சொல்வது சரி. தொண்டு செய்வதற்கான வாய்ப்பு ஒருவருக்குச் சேர வேண்டியது; ஆனால் அவருடைய மதிப்பு அந்தத் தொண்டுக்குக் கிடைக்கும் கூலியாகாது. வாய்ப்பை மறுப்பது அநீதி என்பதனால், வாய்ப்பைப் பயன்படுத்தாதவர் தாழ்ந்தவர் என்று ஆகிவிடாது. வேலை செய்ய விரும்பாத முதியவரைப் பாத்தியருகே தள்ளிக்கொண்டுபோய்க் கையில் கொத்தைத் திணிப்பதும் களைக்கொத்தைப் பறிப்பதைப் போன்ற தவறே.

இது அமைப்பிலும் எதிரொலிக்க வேண்டும். பாத்திகளுக்கு இடையே ஒரு நாற்காலி போக 90 செ.மீ. வழி போதும் என்று கணக்கிட்டு நிறுத்திவிட்டால் வேலை செய்பவர் மட்டுமே உள்ளே வர முடியும். நாற்காலி முழுவட்டம் திரும்ப 150 செ.மீ. வேண்டும். அந்த அகலத்தை வழி நெடுகிலும் கொடுத்து, தளத்தைச் சரளைக்கல் இல்லாமல் இறுக்கி, சரிவு 1-க்கு 20 என்ற அளவுக்கு மிகாமல் வைத்தால், சக்கரக் கட்டிலில் வருபவரும், துணைக்கு ஒருவர் கைபிடித்து வருபவரும், செடிகளுக்கு நடுவே ஒரு வேலையும் செய்யாமல் இருக்க வருபவரும் உள்ளே வர இடம் இருக்கும்.